திருமண நாள் ஜெபம்

எங்கள் மேடம் கேட்ட முதல் கேள்விக்கே ஜெயசுந்தரி ஆன்ட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. கஷ்டமான கேள்வி இல்லை. எந்தத் தேதியிலிருந்து நீங்கள் இருவரும் பிரிந்து வாழ்கிறீர்கள் என்பதுதான்.

ஆன்ட்டி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "தேதின்னா எப்படிம்மா சொல்ல? ராத்திரி பால நல்லாத்தான் காய்ச்சி மூடி வைக்கோம். காலையில பாத்தா திரிஞ்சிருக்கு. எப்பம் திரிஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் அதைத் தெலுங்கில் மேடத்திடம் சொன்னேன். சாவித்ரி மேடம் சிரிக்கவில்லை. பாலுக்குத் தேதி தேவையில்லை, மனுவுக்குத் தேவை என்றார்.

செகந்திராபாதில் குடும்ப வழக்குகள் மட்டும் நடத்துகிற வக்கீல் அவர். நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் குடும்பம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு இந்த ஊருக்கு வந்தது. பட்டாளம் போய்விட்டது, நாங்கள் தங்கிவிட்டோம். அதற்குப் பிறகு கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாலாநகரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவுக்கு நான் வக்கீல் என்பதில் பெருமை. அம்மாவுக்குத்தான் சந்தேகம். "இவ்ளோ செலவு பண்ணிப் படிச்சது குடும்பத்த பிரிக்கிறதுக்கா? அதுக்குப் படிப்பே நக்கோ, வேணாம், நம்ம தெருவுல ரெண்டு மூணு பேரு சும்மாவே செய்றாங்க" என்பாள். அதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. ஜெயசுந்தரி ஆன்ட்டியின் வழக்கை எழுதிப் பார்த்தால் பதில் கிடைக்குமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆன்ட்டிக்கு நாற்பத்தாறு வயது. குஷாய்குடா பக்கத்தில் இருக்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே சர்க்யூட் பலகைகளை வைத்து, எங்கே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பார்க்கவேண்டும். பிறந்தது செகந்திராபாத், பேசுவது திருநெல்வேலித் தமிழ். திருநெல்வேலியை அவர் ஒரே ஒரு தடவை, யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வெயில் இங்கே மாதிரிதான் இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி அவரிடம் எந்த நினைவும் இல்லை.

கணவர் பெயர் சிலாஸ். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அலுவலகப் பொறுப்பாளர். அதைவிட முக்கியமாக, அவர்கள் போகிற தமிழ்ச் சபைக்குச் செயலர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகளைப் படிப்பவர் அவர்தான். யாருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும், யாருடைய பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும், யார் வீட்டு அடக்கத்துக்கு வண்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அவருக்குத்தான் போன் செய்வார்கள். அவரும் ஓடுவார். அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல அந்தச் சபையில் ஆள் கிடையாது.

ஆன்ட்டியும் சொல்லவில்லை. விவாகரத்துக்கு வருகிறவர்கள் முதல் நாளே எதிராளியின் குற்றப்பட்டியலை அடுக்குவதைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு அது புதிதாக இருந்தது. அடித்தாரா, குடித்தாரா, வேறு பெண்ணா என்று மேடம் கேட்கக் கேட்க, இல்லை இல்லை என்றே தலையாட்டினார். கடைசியில், "வெளிய ஊருக்கே பேசுவாக மேடம். வீட்டுக்குள்ள வந்ததும் செருப்பக் கழட்டுற மாதிரி வாயையும் கழட்டி ஆணியில மாட்டிருவாக" என்றார்.

ஒரு சண்டை வந்தால் வாரக்கணக்கில் பேசமாட்டார். பிறகு சண்டை இல்லாமலும் பேசாமல் இருக்கப் பழகிவிட்டார். மகள் பிளெசி இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய்ச் சலித்து, ஒருநாள் இரண்டு பேரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, இனிமேல் இங்கேயே பேசிக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் எழுதிவிட்டு அதிலிருந்து விலகிக்கொண்டாள். அந்தக் குழுவில் இன்றுவரை அந்த ஒரு செய்திதான் இருக்கிறதாம்.

அந்தச் சமயத்தில் சிலாஸின் தாயார் படுக்கையில் விழுந்தார். பொல்லாரத்தில் இருக்கும் பழைய வீட்டுக்கு, தாயைப் பார்த்துக்கொள்ள சிலாஸ் போனார். போய்வருவதற்குத் தூரம் என்று அங்கேயே தங்கினார். யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை, நல்ல மகன் என்றார்கள். தாயார் இறந்தார். அடக்கம் முடிந்த அன்று ஆன்ட்டி அவருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்தார். அவர் வரவில்லை. வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கிறது என்று சொன்னார். அதைக் காலி செய்துகொண்டே இருக்கிறார்.

மேடம் பேனாவை எடுத்தார். அடக்கத்துக்கு மறுநாள், அதுதான் தேதி என்றார். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில், இருவரும் சம்மதித்து மனுப் போடுவதற்கு இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும் என்று இருக்கிறது. அந்த அடக்கம் நடந்து இரண்டு வருடம் அப்போதுதான் தாண்டியிருந்தது. நான் தேதியைத் தட்டச்சு செய்தேன். கறுப்பு எழுத்தில் பார்க்கும்போது அது உண்மையான தேதி மாதிரியே இருந்தது.

ஆன்ட்டிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீடு.

குஷாய்குடாவில் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை. தொழிற்சாலைக்கு நடந்தே போய்விடலாம். வாங்கும்போது முன்பணத்துக்கு ஆன்ட்டியின் நகைகள் போயின. வங்கியில், ஒருவர் சம்பளத்துக்கு இவ்வளவு கடன் கிடைக்காது, இரண்டு பேர் பெயரையும் சேருங்கள் என்றார்கள். சேர்த்தார்கள். கடன் கிடைப்பதற்காகச் சேர்த்த பெயர், பத்திரத்திலும் ஏறிவிட்டது. சிலாஸ் பொல்லாரம் போனதிலிருந்து மாதத் தவணையை ஆன்ட்டி மட்டும்தான் கட்டுகிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் பாதி வீடு சிலாஸுடையது. வங்கியின் கண்ணில் முழுக் கடனும் இருவருடையது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிவிட்டால் எல்லாம் பிரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வங்கிக்கு உங்கள் தீர்ப்பைப் பற்றிக் கவலையில்லை. கணவனும் மனைவியும் பிரியலாம், கடன்காரர்கள் பிரியமுடியாது. ஆன்ட்டி தன் ஒரு சம்பளத்தின் பேரில் மீதிக் கடனை எடுத்துக்கொள்ள வங்கி ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குச் சிலாஸ் தன் பாதியை ஆன்ட்டிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் ஆன்ட்டி ஜீவனாம்சம் கேட்கமாட்டார். பிளெசியின் படிப்புச் செலவை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். ஒப்பந்தம் இதுதான். சிலாஸ் எல்லாவற்றுக்கும் சரி என்றார். தலையைக்கூடத் தூக்காமல் சரி என்றார்.

யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில்தான் சிக்கல். பத்திரத்தைக் கொடுத்த பிறகு மனைவி வேறு எதையாவது கேட்டால் என்று கணவனுக்குப் பயம் இருக்கும். தீர்ப்பு வந்த பிறகு கணவன் பத்திரம் தராவிட்டால் என்று மனைவிக்குப் பயம் இருக்கும். கடைசி விசாரணைக்கு முந்தின நாள் பதிவு, மறுநாள் நீதிமன்றம் என்று மேடம் முடிவு செய்தார். டிசம்பரில் மனுப் போட்டோம். சட்டப்படி குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து, இருவரும் மறுபடி நீதிபதி முன்னால் வந்து எங்கள் சம்மதம் மாறவில்லை என்று சொல்லவேண்டும். ஜூனில் தேதி கிடைத்தது. வங்கியின் ஒப்புதலும் அந்த மாதக் கடைசி வரைக்கும்தான் செல்லும்.

இடையில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் எல்லாம் முதலிலிருந்து. சம்மதம் இல்லையென்றால் குற்றம் நிரூபிக்கவேண்டும். வாயைக் கழட்டி ஆணியில் மாட்டினார் என்பதை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது? அது வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை வீடு யாருக்கும் இல்லாமல், யாராலும் விற்கவும் முடியாமல் நிற்கும்.

ஒன்றாக இருப்பதாக யாரும் சொல்லும்படி எதுவும் செய்துவிடாதீர்கள் என்று மேடம் ஆன்ட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மார்ச் மாதம் ஆன்ட்டி எனக்குப் போன் செய்து, மேடத்திடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். சிலாஸுக்கு வலது கண்ணில் புரை. ஆன்ட்டியின் தொழிற்சாலை கொடுத்திருக்கும் மருத்துவ அட்டையில் கணவர் என்ற முறையில் அவர் பெயரும் இருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதனால் இப்போதே அழைத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் மனைவி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

மேடத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுமுறை ஆன்ட்டி வந்தபோது நேராகவே கேட்டார். ஆன்ட்டி நிதானமாகப் பதில் சொன்னார். சட்டப்படி இன்னும் அவர் கணவர்தானே, சட்டப்படி கிடைக்கிற அட்டையைச் சட்டப்படி பயன்படுத்தினால் என்ன தப்பு? எனக்கு ஒன்று விளங்கவில்லை. அவ்வளவு அக்கறை இருக்கிறவர் ஏன் பிரியவேண்டும் என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த முறை இருவரும் ஒரே பேருந்தில் போகும்போது ஆன்ட்டியிடமே கேட்டேன்.

"கண்ணு தெரியாம ரோட்டுல விழுந்தா பாவம்தானே" என்றார். "பாவம் பாக்குறதுக்குப் பொண்டாட்டியா இருக்கணுமா என்ன?"

மே மாதம் வந்தது. அவர்கள் கல்யாணம் நடந்தது மே மாதத்தில்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்தில் பிறந்தநாள், திருமண நாள் வருகிறவர்களின் பெயர்களைச் செயலர் வாசிப்பார். திருமண நாள் கொண்டாடுகிற தம்பதிகள் ஜோடியாக முன்னே போய் நிற்பார்கள். போதகர் அவர்கள் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். சிலாஸ் பத்து வருடத்துக்கும் மேலாகச் செயலராக இருக்கிறார். அதனால் வருடா வருடம் தன் பெயரையும் மனைவி பெயரையும் அவரே வாசித்துவிட்டு, இறங்கி வந்து மனைவி பக்கத்தில் நிற்பார். பொல்லாரம் போன பிறகும் அது நிற்கவில்லை. பிரிந்து இருந்த இரண்டு மே மாதங்களிலும் இருவரும் முன்னே போய் நின்று ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறார்கள். ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. இரண்டு ஜெபங்களும் இன்றைக்கும் அங்கே கிடக்கின்றன.

இதை ஆன்ட்டி ஏதோ பேச்சுவாக்கில்தான் சொன்னார். மேடம் அந்த வீடியோக்களைத் தேடிப் பார்த்தபோது முகம் மாறியது. பிரிந்து வாழ்கிறோம் என்று சத்தியம் செய்து மனுப் போட்ட இருவரும், பளிச்சென்ற உடையில் கைகூப்பி நிற்கிறார்கள். கோயிலில் நிற்பது சேர்ந்து வாழ்வது ஆகாது, அது மேடத்துக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு ஒருவர் மனம் மாறினால், ஆஸ்பத்திரிக் கையெழுத்து ஒரு கையிலும் இந்த வீடியோ இன்னொரு கையிலும் போதும், நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்ல.

"ஏன் போய் நின்னீங்க ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"பேரு வாசிச்சாக. எந்திரிச்சுப் போனேன். வேற என்ன செய்ய?" என்றார். பத்துப் பதினைந்து வருடமாகச் செய்வதை, பிரிந்துவிட்டோம் என்பதற்காகக் கால் மறந்துவிடுமா என்பது போல.

அந்த வருடம் இருபதாவது திருமண நாள். அதற்கு முந்தின வாரம் சிலாஸ் குஷாய்குடா வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிளெசி தண்ணீர் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டம்ளரைக் காலி செய்துவிட்டு, இருபதாவது வருடம், எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், இந்த ஒரு தடவை வந்து நில் என்றாராம். போன வருடமும் இதையேதான் சொன்னீர்கள் என்றார் ஆன்ட்டி.

"நீ வரலேன்னா எனக்குக் கோர்ட்டுக்கு வாரதுக்குக் காலு வராது சுந்தரி" என்றார் சிலாஸ்.

இதை ஆன்ட்டி எங்கள் அலுவலகத்தில் சொன்னபோது மேடம், மிரட்டுகிறாரா என்று கேட்டார்.

"அவுகளுக்கு மிரட்டத் தெரியாது மேடம். நெசமாவே காலு வராது. அதான் பயமா இருக்கு."

இப்போது பாருங்கள். போய் நின்றால் வழக்கு பலவீனமாகும். நிற்காவிட்டால் சிலாஸ் வரமாட்டார். எப்படியானாலும் போவது வீடு. நான் படித்த புத்தகங்களில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை. மேடம் ஒரு வழி சொன்னார்: அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே போகாதீர்கள். ஆன்ட்டி சிரித்துவிட்டார். ஒரு வாரம் போகாவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க மத்தியானத்துக்குள் பாதிச் சபை வீட்டுக்கு வந்துவிடும் என்றார். கடைசியில், சனிக்கிழமை சிலாஸுக்குப் போன் செய்து, நம் பெயரை வாசிக்காதீர்கள் என்று சொல்வதாக முடிவானது. சொன்னார். மறுமுனையில் பதில் இல்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். அந்த வீட்டில் மௌனம் எதற்கெல்லாமோ அறிகுறியாக இருந்திருக்கிறது, சம்மதத்துக்கு மட்டும் இருந்ததில்லை. ஆன்ட்டிக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

ஞாயிறு காலை நேரலையைப் பார்க்கச் சொல்லி மேடம் எனக்கு உத்தரவு. சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மதம் மாறிட்டியா?"

"ஆபீஸ் வேலைம்மா."

"ஞாயித்துக்கிழமை கூடவா பிரிக்கிறீங்க?" என்றாள். ஆனால் நகராமல் அவளும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிலாஸ் வெள்ளைச் சட்டையில் வந்து மைக் முன்னால் நின்றார். பிறந்தநாள்களை வாசித்தார். திருமண நாள்களுக்கு வந்தார். ஒரு வயதான தம்பதி, போன வருடம் கல்யாணமான ஒரு தம்பதி. பிறகு குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "சிலாஸ், ஜெயசுந்தரி, இருபதாவது திருமண நாள்" என்று வாசித்தார்.

கேமரா பலிபீடத்தைப் பார்த்து நிலையாக வைக்கப்பட்டிருந்தது. ஜனங்கள் தெரியமாட்டார்கள். இரண்டு தம்பதிகள் வந்து நின்றார்கள். சிலாஸ் இறங்கி வந்து நின்றார். அவர் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவர் அந்தக் காலியிடத்தைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் அந்த ஏப்ரலில்தான் மாற்றலாகி வந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. புன்னகையோடு காத்திருந்தார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

இடதுபக்கமிருந்து ஆன்ட்டி வந்தார். வேலைக்குக் கட்டுகிற சாதாரணப் பருத்திச் சேலை. அந்தக் காலியிடத்தில் போய் நின்றார். போச்சு என்று நினைத்தேன். போதகர் மற்ற இரண்டு தம்பதிகளுக்கும் ஜெபித்துவிட்டு இவர்களிடம் வந்து கையைத் தூக்கினார். அந்தக் கை இறங்குவதற்கு முன்னால் ஆன்ட்டி முகத்தை நிமிர்த்திப் போதகரிடம் மெதுவாகத்தான் பேசினார். போதகரின் சட்டையில் மைக் இருந்தது.

"ஐயரே, எங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஜெபம் பண்ணுங்க. நாங்க இப்ப ஒண்ணா இல்ல."

அவர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிலாஸ் தன் கால்களைப் பார்த்தார். போதகர் கெட்டிக்காரர் என்று சொல்லவேண்டும், எதுவும் கேட்கவில்லை. கையை ஆன்ட்டி தலைமேல் மட்டும் வைத்து, வேலை, வீடு, மகள் என்று சொல்லி ஜெபித்தார். பிறகு ஓரடி நகர்ந்து சிலாஸின் தலைமேல் கைவைத்தார். அவருக்கு என்ன கேட்பது என்று தெரியாமல், சமாதானத்தைக் கொடும் என்று இரண்டு முறை கேட்டார். ஆன்ட்டி அந்த ஜெபம் முடியும்வரை அங்கேயே தலைகுனிந்து நின்று, ஆமென் சொல்லிவிட்டுத்தான் இடத்துக்குப் போனார்.

"யாருடி அந்தப் பொம்பள?" என்றாள் அம்மா. எங்கள் கட்சிக்காரர் என்றேன். அம்மா வெண்டைக்காயை மறுபடி எடுத்துக்கொண்டு, சரிதான் என்கிற மாதிரி "ஹவ்" என்று மட்டும் சொன்னாள்.

ஆன்ட்டி மைக்கை நினைக்கவே இல்லையாம். இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் பிளெசி காதருகில் வந்து, "மம்மி, மைக் ஆன்லோனே உந்தி" என்றாளாம். மைக் ஆனில்தான் இருந்தது என்று அவள் சொன்ன பிறகுதான், எல்லோரும் தன்னையே திரும்பிப் பார்ப்பது ஏன் என்று புரிந்ததாம்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் பிரியாணி கொண்டுவந்தார், துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது போல. ஆக்னஸ் என்று பாடகர் குழுவில் இருக்கும் அம்மா, இருபது வருடம் பொறுத்தவளுக்கு இருபத்தொன்றாவது வருடம் பொறுக்க முடியவில்லையா என்று கேட்டாராம். பொறுத்துப் பொறுத்துதான் இருபது ஆச்சு அக்கா என்றாராம் ஆன்ட்டி.

சிலாஸின் போன் அன்று மாலையே அணைந்துவிட்டது.

மேடத்துக்கு முதலில் கோபம். பிறகு, நான் எழுதின பிரமாணப் பத்திரத்தைவிட இது நல்ல சாட்சி, எடுத்து வை என்றார். ஆனால் சாட்சி யாருக்கு வேண்டும்? ஆள் வேண்டும். அடுத்த ஞாயிறு அறிவிப்புகளை வேறொருவர் வாசித்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் விடுப்பு என்றார்கள். பொல்லாரம் வீட்டுக் கதவில் பூட்டு. வங்கியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டு, ஒப்புதலை நீட்டிக்க முடியாது என்று நினைவுபடுத்தினார்கள்.

அந்த நாட்களில் ஆன்ட்டி வேலை முடிந்து நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உண்மையைப் பேசத் துணிந்தேன் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"வீட்டுக்காகத்தான் போய் நின்னேன்" என்றார். "அவுகளுக்குக் காலு வரணுமே. சும்மா நின்னுட்டு வந்துருவோம்னுதான் போனேன். ஐயர் கையத் தூக்கவும், நீர் இணைத்த இவர்களைன்னு ஆரம்பிப்பாரேன்னு நெனப்பு வந்துட்டு. அதுக்கு ஆமென் சொல்லிட்டு அடுத்த மாசம் ஜட்ஜ் முன்னால என்னன்னு நிக்க? வாயில வந்துட்டு. இப்பம் வீடும் போச்சோ என்னவோ."

வருத்தப்படுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவர் கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டே, சமையலறை ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கேட்டார். அடிக்கச் சொல்லுங்கள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

பதிவு நாள் வந்தது. நான் காலையிலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். ஆன்ட்டி எனக்கு முன்பே வந்து, வாசலைப் பார்த்தபடி பெஞ்சில் இருந்தார். எங்கள் முறை வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது சிலாஸ் வந்தார். சவரம் செய்யவில்லை. சட்டை கசங்கியிருந்தது. ஆன்ட்டி எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸ் எடுக்கவேண்டும் என்று வெளியே போனார். ஜெராக்ஸ் எல்லாம் என் பையில் இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்த சிலாஸிடம், நீங்கள் வரமாட்டீர்களோ என்று பயந்துவிட்டோம் அங்கிள் என்றேன். அவர் பேசுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பேசினார்.

"ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமன்னா பயந்துக்கிட்டே போவேம்மா. யாராவது கேட்டுருவாங்களோன்னு. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தலவலி போன மாதிரி இருக்கு." வாசலைப் பார்த்துக்கொண்டே, "மாரேட்பல்லியில ஒரு சிநேகிதன் வீட்டுல இருந்தேன். அவன் கேட்டான், நானும் சொன்னேன். சொல்லிட்டே இருந்தேன்" என்றார். சொல்வது எப்படி இருக்கும் என்பதைப் புதிதாகப் பார்த்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

கவுண்டரில் இருவரையும் கேமரா முன்னால் உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் அங்கிருந்த பெண் ஆன்ட்டியிடம் கேட்டார்: "ஆயன மீக்கு ஏமவுதாரு?" அவர் உங்களுக்கு என்ன உறவு? பத்திரத்தில் அதை நிரப்பவேண்டும்.

ஆன்ட்டி சிலாஸைப் பார்த்தார்.

"ஈரோஜு வரகு பர்த்த" என்றார். இன்றைக்கு வரைக்கும் கணவர்.

அந்தப் பெண் கணவர் என்று மட்டும் தட்டினார். சிலாஸ் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். பிறகு தன் பாதி வீட்டுக்குப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் ஆன கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, கோட்டுக்கு மேலே எழுத்து ஏறாமல் கவனமாகப் போட்டார்.

வெளியே வெயில். மறுநாள் நீதிமன்றத்தில் நடக்கப்போவதைப் பற்றி நான் இருவருக்கும் விளக்கினேன். நீதிபதி என்ன கேட்பார், என்ன சொல்லவேண்டும், பிறகு பி.எஃப். கணக்கில் வாரிசாக இருக்கும் சிலாஸின் பெயரை மாற்றி பிளெசியின் பெயரைப் போடவேண்டும் என்பதெல்லாம். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கேட்டுக்கொண்டார்கள். சிலாஸ் பர்ஸைத் திறந்து தொழிற்சாலையின் மருத்துவ அட்டையை எடுத்து ஆன்ட்டியிடம் நீட்டினார். மறந்துபோகும், இப்போதே வாங்கிக்கொள் என்றார்.

ஆன்ட்டி வாங்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் செல்லும். இன்னைக்கே போயி அந்தக் கண்ணக் காட்டிட்டு வந்துருங்க. சுருக்கிச் சுருக்கிப் பாக்கீக. சொட்டு மருந்து மாத்தணும்னா மாத்தித் தருவாக. கார்டு நாளைக்குக் கோர்ட்டுல தந்தாப் போதும்."

சிலாஸ் அட்டையைத் திரும்பப் பர்ஸில் வைத்தார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம், எந்த பஸ் என்று ஆன்ட்டி சொல்லச் சொல்லத் தலையாட்டினார். சாலையைக் கடப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து பேருந்தில் ஏறும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.